கண்ணாடி போடுபவர் டிராக் டேவுக்கு ஹெல்மெட் எடுப்பது எப்படி

கண்ணாடி போட்டுக்கொண்டு ஹெல்மெட் வாங்கப் போனால், "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க சார், அப்பத்தான் கண்ணாடி இடிக்காது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நானும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வாங்கினேன். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலரை, ஏழாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு தினமும் வேலைக்குப் போய்வரும்போது அந்த ஹெல்மெட்டில் ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் கடலூர் ரோட்டு டிராஃபிக்கில் அறுபதைத் தாண்டுவதே அபூர்வம். சொந்த பைக்கைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாளான டிராக் டேவுக்கு, முதல் தடவையாகச் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போன அன்றுதான் விஷயம் புரிந்தது. நேர்ப்பாதையில் 130ஐத் தொட்டு டேங்க் மேல் குனிந்தேன், காற்று ஹெல்மெட்டை முன்பக்கமாகத் தூக்கியது, உள்ளே பஞ்சில் சிக்கியிருந்த கண்ணாடியும் அதோடு சேர்ந்து மேலே ஏறியது. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் எனக்குத் தெரிந்தது ஃபிரேமின் கீழ் விளிம்பும் அதற்கடியில் கலங்கலாக ஒரு சாம்பல் நிறமும்தான். 130 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 36 மீட்டர் ஓடுகிறது. அந்த 36 மீட்டரையும் நான் பார்க்காமலே ஓட்டியிருக்கிறேன்.

கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரமாகவே உருட்டிக்கொண்டு, வண்டிகள் நிற்கும் இடமான பிட்டுக்கு வந்தேன். கூட வந்திருந்த முத்தியால்பேட்டை அண்ணன் ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார், வார் பூட்டியிருக்கும்போதே அது முக்கால்வாசி கழன்று வந்தது. "தம்பி, இதைத் தலைக்கு வாங்கினியா, கண்ணாடிக்கு வாங்கினியா?" என்று கேட்டார். அன்றைக்கு மிச்சமிருந்த செஷன்களுக்கு நான் இறங்கவில்லை.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஹெல்மெட்டின் சைஸை முடிவு செய்வது உங்கள் மண்டை மட்டும்தான். கண்ணாடிக்கு இடம் வேண்டுமென்றால் அதைக் கன்னத்துப் பஞ்சில் தேடலாம், ஃபிரேமை மாற்றித் தேடலாம், மாட்டும் விதத்தில் தேடலாம். சைஸை ஏற்றி மட்டும் தேடக் கூடாது. தளர்ந்த ஹெல்மெட் விழும்போது தலையிலிருந்து சுழலும், சில சமயம் கழன்றே போகும், அப்புறம் அதற்குள் என்ன விலை கொடுத்த பாதுகாப்பு இருந்தும் பயனில்லை.

சரி, தலையிலிருந்தே ஆரம்பிப்போம். தையற்காரரிடம் இருக்கும் துணி டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டையில் மிகவும் துருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். மூன்று தடவை அளந்து, வந்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளில் 57, 58 சென்டிமீட்டர் மீடியம், 59, 60 லார்ஜ் என்று வரும், ஆனால் ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜாக இருக்கும், அதனால் எழுத்தைப் பார்க்காமல் அந்தந்த மாடலின் சென்டிமீட்டர் அட்டவணையைப் பாருங்கள்.

சுற்றளவு சரியாக இருந்தும் ஹெல்மெட் பொருந்தாமல் போகும், அதற்குக் காரணம் மண்டையின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சிலர் தலை கிட்டத்தட்ட வட்டம், சிலருக்கு முன்பின்னாக நீண்டது, பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில். உங்களைவிட வட்டமான ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியில் வலிக்கும், பக்கவாட்டில் ஆடும். உங்களைவிட நீளமானதைப் போட்டால் நெற்றிப்பொட்டில் அழுத்தும், முன்பின் ஆடும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது கஷ்டம்தான் பெரிய எதிரி, ஏனென்றால் கண்ணாடியின் காதுக் கம்பி போவதும் அதே நெற்றிப்பொட்டு வழியாகத்தான். எலும்புக்கும் பஞ்சுக்கும் நடுவில் கம்பி மாட்டிக்கொண்டால் பத்தே நிமிஷத்தில் தலைவலி வந்துவிடும், வலியோடு அடுத்து திரும்ப வேண்டிய கார்னரைப் பற்றி யோசிக்க முடியாது.

அதனால் கடையில் நான் செய்வது இது. முதலில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஹெல்மெட்டை மட்டும் போட்டு, வாரைப் பூட்டி, பதினைந்து நிமிஷம் அப்படியே இருப்பேன். கடைக்காரர் நெளிந்தாலும் பரவாயில்லை. வலித்தால் அது ஹெல்மெட்டின் குறை, கண்ணாடியின் மேல் பழி போட முடியாது. வலி இல்லையென்றால் அப்புறம்தான் கண்ணாடியை நுழைத்து இன்னொரு பதினைந்து நிமிஷம். இப்போது புதிதாக எங்கே வலிக்கிறதோ அதுதான் கண்ணாடிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடக்கும் சண்டை. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தால் எது எதை அழுத்துகிறது என்று பிரித்துச் சொல்லவே முடியாது, அந்தக் குழப்பத்தில்தான் "இறுக்கமா இருக்கு, பெரிய சைஸ் கொடுங்க" என்று வாயிலிருந்து வந்துவிடுகிறது.

போட்டிருக்கும்போதே மூன்று சோதனை. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோலும் நெற்றித் தோலும் கூடவே வர வேண்டும், தோல் நின்று ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிது. வாரைப் பூட்டிக்கொண்டு பின் விளிம்பை மேலே முன்னால் தள்ளச் சொல்லுங்கள், கழன்று வரக் கூடாது. மூன்றாவது நமக்கென்றே உள்ளது: கண்ணாடியோடு தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டிவிட்டு, தூரத்தில் ஏதாவது ஒரு கடைப் பலகையைப் படியுங்கள். எழுத்து ஒரு கணம் குதித்து நின்றால் கண்ணாடி உள்ளே நகர்கிறது என்று அர்த்தம். கன்னம் மட்டும் கொஞ்சம் அதிகமாக இறுக்குகிறதே என்றால் பயப்பட வேண்டாம், புதுப் பஞ்சு ஓட்ட ஓட்ட அமுங்கும். நெற்றியும் உச்சியும் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

அப்படியும் கம்பிக்கு இடம் போதவில்லை என்றால் கன்னத்துப் பஞ்சைப் பாருங்கள். நல்ல ஹெல்மெட்டுகளில் அது பட்டனோடு கழன்று வரும், அதே மாடலுக்கே வெவ்வேறு தடிமனில் தனியாகக் கிடைக்கும். மேலே தலைக்குப் பொருந்தி, கன்னத்தில் மட்டும் பிரச்சினை என்றால் சைஸை விட்டுவிட்டு கன்னத்துப் பஞ்சை மட்டும் ஒரு படி மெல்லியதாக மாற்றினால் போதும். சில ஹெல்மெட்டில் கம்பி போகவென்றே காதுக்கு மேலே பஞ்சில் ஒரு வாய்க்கால் போல விட்டிருப்பார்கள். எச்ஜேசி பல மாடல்களில் இதைச் சொல்லியே விற்கிறது, ஸ்கார்ப்பியனில் குவிக்ஃபிட் என்று கண்ணாடிக்காகவே அமைத்த கன்னப் பஞ்சு வருகிறது. ஆனால் விளம்பரத்தை நம்பி வாங்காமல் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வாய்க்கால் இருக்கும் உயரமும் உங்கள் காது இருக்கும் உயரமும் ஒன்றாக இருந்தால்தான் அது வாய்க்கால், இல்லையென்றால் வெறும் மடிப்பு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பிளேடை எடுத்து உள்ளே வெட்டாதீர்கள். மெத்தென்று இருக்கும் பஞ்சுக்குப் பின்னால் தெர்மாகோல் போன்ற ஒரு அடுக்கு இருக்கிறது, அடியை வாங்கி நசுங்கி உங்கள் மூளைக்குப் போகும் வேகத்தைக் குறைப்பது அதுதான். பல ஹெல்மெட்டில் கன்னத்துப் பஞ்சுக்குப் பின்னாலும் அது உண்டு. கம்பிக்கு வழி செய்கிறேன் என்று அதில் ஒரு கோடு கிழித்தால், அடி விழும் இடத்தில் அந்தக் கோடுதான் முதலில் உடையும்.

இனி முத்திரைகள். ஊரில் ஓட்ட ஐஎஸ்ஐ கட்டாயம், 2021 ஜூன் முதல் நாட்டில் அந்த முத்திரை இல்லாமல் இரு சக்கர வாகன ஹெல்மெட் விற்கவே கூடாது. முத்திரைக்கு மேல் ஐஎஸ் 4151 என்றும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். ரோட்டோரம் குவித்து விற்பவற்றில் ஸ்டிக்கர் மட்டும்தான் அசல் போல இருக்கும். டிராக்குக்கு அதற்கு மேலே ஈசிஇ 22.06 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருந்தால் நல்லது. பழைய 22.05ஐவிட இதில் அதிக இடங்களில், வெவ்வேறு வேகத்தில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள், சாய்வாக விழும்போது தலை எவ்வளவு சுழல்கிறது என்பதையும் அளக்கிறார்கள். வாரில் தைத்திருக்கும் சின்னத் துணியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும், அதனருகில் வரும் நீண்ட எண் 06 என்று தொடங்கினால் அது 22.06. ஸ்னெல் என்பது தனி அறக்கட்டளை, எம்2020 போன்ற பெயரில் பைக் ஹெல்மெட்டுக்கும் எஸ்ஏ2020 போன்ற பெயரில் கார் பந்தயத்துக்கும் தருகிறது. கார் ஹெல்மெட் தீப்பிடிக்காத துணியோடு வரும், பைக்குக்கு அது வேண்டியதில்லை. சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனமான எஃப்ஐஎம்மின் முத்திரை பெரிய பந்தயங்களுக்கு. அமெரிக்க முத்திரையான டாட் மட்டும் போட்டிருந்தால் அது தயாரிப்பாளரே சோதித்துத் தானே ஒட்டிக்கொள்வது, அதை மட்டும் வைத்து நான் வாங்க மாட்டேன்.

முகம் முழுக்க மூடும் ஒரே ஓடாக இருக்க வேண்டும், வார் இரண்டு வளையங்களுக்குள் விட்டு இறுக்கும் இரட்டை டி-ரிங்காக இருக்க வேண்டும். இங்கே நமக்கு ஓர் ஆசை வரும். தாடையோடு மேலே தூக்கும் ஹெல்மெட் கண்ணாடி போடுபவர்களுக்கு சொர்க்கம், கழற்றாமலே டீ குடிக்கலாம், கண்ணாடியை மாட்டிக்கொண்டே போட்டுக்கொள்ளலாம், நீண்ட பயணத்துக்கு நானே அதைத்தான் போடுகிறேன். ஆனால் பல டிராக்குகளில் அதை உள்ளே விட மாட்டார்கள், சும்மா டக்கென்று பூட்டும் கிளிப் வாரையும் பல இடங்களில் ஏற்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளர் அனுப்பும் விதிகளை ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள், விடியற்காலை 150 கிலோமீட்டர் ஓட்டிப் போய் சோதனை மேஜையில் திரும்புவது கொடுமை. அதே போல உள்ளுக்குள் இறங்கும் கறுப்புக் கண்ணாடி வைத்த மாடலும் நமக்கு வேண்டாம். அது இறங்கும் பாதையில்தான் நம் ஃபிரேம் இருக்கிறது, மேல் விளிம்பில் தட்டி மூக்கில் அழுத்தும், அந்த அமைப்புக்கு இடம் விட்டதால் மேலே தெர்மாகோல் அடுக்கும் மெலிந்திருக்கும்.

இதுவரை ஹெல்மெட். நான் உண்மையில் அதிகம் கற்றுக்கொண்டது கண்ணாடியைப் பற்றித்தான். டிராக்குக்குத் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். ஹெல்மெட் வாங்கிய பிறகு, அந்த ஹெல்மெட்டையே கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போங்கள், ஃபிரேமை ஹெல்மெட்டுக்குள் போட்டுப் பார்த்து எடுங்கள். நேரு வீதிக் கடையில் நான் அப்படி ஹெல்மெட்டோடு உட்கார்ந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் பதினாறு ஃபிரேமில் மூன்றுதான் உள்ளே ஒழுங்காகப் போனது, கண்ணாடி முன் நின்று அழகு பார்த்து எடுத்திருந்தால் அந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.

கம்பியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் கொக்கி போல வளைந்திருந்தால் நுழையாது, காது மடலைக் குத்தும், கழற்றும்போது கண்ணாடியே உருக்குலையும். ஸ்கேல் போல நேராக, மெல்லியதாக, முடிந்தவரை தட்டையாக இருக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் கம்பி இப்போது ஃபேஷன், நமக்கு அது ஆகாது. டைட்டானியம் அல்லது வளைந்தாலும் ஒடியாத டிஆர்90 என்ற மெல்லிய பிளாஸ்டிக் நல்லது. வளைவில்லாத கம்பியை விட்டால் மூக்கிலிருந்து வழுக்காதா என்று கேட்பீர்கள். வெளியே வழுக்கும், ஹெல்மெட்டுக்குள் வழுக்காது, அங்கே கம்பியைப் பிடித்திருப்பது காது அல்ல, கன்னத்துப் பஞ்சு. மூக்கில் மட்டும் மிருதுவான சிலிக்கான் பேட் போடச் சொல்லுங்கள், வியர்வையில் பிளாஸ்டிக் பேட் நழுவிவிடும். விளையாடும்போது தலைக்குப் பின்னால் கட்டும் எலாஸ்டிக் பட்டையை ஹெல்மெட்டுக்குள் போடாதீர்கள், அதன் முடிச்சு பின்மண்டையில் கல் மாதிரி அழுத்தும். விளிம்பே இல்லாத ரிம்லெஸ் ஃபிரேமும் வேண்டாம், ஒரு ஸ்க்ரூ விட்டால் லென்ஸ் மடியில் விழும்.

அடுத்தது லென்ஸின் உயரம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாம் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடி வாங்குகிறோம், டிராக்கிலோ நெஞ்சு டேங்க்கில் படியக் குனிந்து, கழுத்து எவ்வளவு நிமிர்ந்தாலும் கண் மட்டும் புருவத்துக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிறது. அப்போது பார்வை லென்ஸின் நடுவில் போகாது, மேல் விளிம்பை ஒட்டிப் போகும். ஒல்லியான ஃபிரேமாக இருந்தால் ஒன்று விளிம்பு குறுக்கே நிற்கும், இல்லையென்றால் விளிம்புக்கு மேலே பவரே இல்லாத வெறும் உலகம் தெரியும். அதனால் லென்ஸ் உயரமாக, புருவம் வரை ஏறி நிற்க வேண்டும், மேல் விளிம்பு மெல்லிய கம்பியாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்க வீட்டு வாசலே போதும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக டேங்க்கில் குனிந்து தெருமுனைப் பலகையைப் படியுங்கள். அப்படியே குனிந்தபடி தலையை இடப்பக்கம், வலப்பக்கம் திருப்பி கார்னரின் வெளியேறும் இடத்தைப் பார்ப்பது போலப் பாருங்கள். என்னைப் போல மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு லென்ஸின் ஓரத்தில் பார்த்தால் பொருள் கொஞ்சம் இடம் மாறித் தெரியும், அதற்குக் கண்ணை மட்டும் திருப்பாமல் மூக்கையே திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். டிராக்கில் சொல்லித் தருபவர்களும் தலையைத் திருப்பு என்றுதான் கத்துவார்கள், நமக்கு அது இரட்டைக் காரணம்.

லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், இரண்டும் அடிபட்டால் சிதறாமல் தாங்கும். நிஜக் கண்ணாடி லென்ஸ் இன்னும் யாராவது வைத்திருந்தால் அது டிராக் பக்கமே வரக் கூடாது. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், அது கறுப்பது புற ஊதாக் கதிரால், ஹெல்மெட்டில் முகத்துக்கு முன்னால் இறக்கும் வைசர் அந்தக் கதிரைப் பெரும்பாலும் மறித்துவிடுவதால் உள்ளே அது வெள்ளையாகவே இருக்கும். போலராய்டு லென்ஸும் வைசருக்குப் பின்னால் வானவில் பட்டைகளாகக் காட்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் போடும் புரொகிரெசிவ் லென்ஸில் கீழ்ப்பக்கம் கிட்டப்பார்வைக்கு, ஓரங்களில் கலங்கல். டிராக்குக்குத் தூரப் பார்வை மட்டும் கொண்ட சாதாரண லென்ஸே போதும், மீட்டர் எண் லேசாக மங்கினால் ஒன்றும் குடி முழுகாது. தெளிவாகத் தெரிய வேண்டியது டிராக் ஓரம் நிற்கும் மார்ஷல் கையிலிருக்கும் கொடி. மஞ்சளென்றால் முந்தக் கூடாது, சிவப்பென்றால் செஷன் நின்றது, கறுப்பென்றால் பிட்டுக்கு வா. அந்த நிறம் தூரத்திலேயே பிரிந்து தெரியவில்லை என்றால் பவர் மாறியிருக்கலாம். நான் வருஷத்துக்கு ஒரு தடவை வழியில் தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் இறங்கிப் பார்த்துக்கொள்கிறேன், முதல் தடவையே ஒரு கண்ணில் கால் பவர் ஏறியிருந்தது, ஊரில் ஓட்டும்போது எனக்கு அது தெரியவே இல்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு லென்ஸில் படியும் பனிமூட்டம் தனிப் பாடம். கடலோரக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். கண்ணாடி மூடிக்கொள்வதற்குக் காரணம் எளிது, லென்ஸ் குளிர்ந்திருக்கிறது, அதன் மேல் படும் காற்று ஈரமாகவும் சூடாகவும் இருக்கிறது. வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பிவிட்டு நாம் ஏசி காரில் போய் இறங்கினால் கதவைத் திறந்ததுமே லென்ஸ் வெள்ளையாகிவிடும், அதனால் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள். இரண்டாவது இடம் பிட் வாசல். சிக்னலுக்காக வரிசையில் நிற்கும்போது பதற்றத்தில் மூச்சு வேகமாகப் போகும், காற்றோட்டம் கிடையாது, அங்கேதான் பலருக்கும் மூடிக்கொள்கிறது. வண்டி நகரும் வரை வைசரை முழுக்கத் திறந்து வையுங்கள், நகர்ந்ததும் மூடுங்கள்.

வைசருக்கு பின்லாக் என்ற உள்தகடு போடலாம், இரண்டு தகடுகளுக்கு நடுவில் காற்று அடைபட்டு உள்பக்கம் குளிராமல் பார்த்துக்கொள்ளும், வாங்கும்போதே வைசரில் அதற்கான இரண்டு ஊசிகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது காப்பாற்றுவது வைசரை மட்டும், கண்ணாடியை அல்ல. இது புரியாமல் பின்லாக் போட்டும் மூடுகிறதே என்று ஏமாந்தவர்கள் உண்டு. கண்ணாடிக்கு வேண்டியது மூச்சைக் கீழே திருப்பும் மூக்குத் தடுப்பு. சின்ன ரப்பர் துண்டுதான், மூக்குக்கு மேல் உட்காரும். ஃபிரேமில் அது இடித்தால் கண்ணாடி மேலே தள்ளப்படும், அதனால் இதையும் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தாடைக்கு அடியில் மாட்டும் துணித் திரை சத்தத்தைக் குறைக்கும், ஆனால் மூச்சையும் உள்ளேயே அடைக்கும், மழைக்காலத்தில் நான் அதைக் கழற்றிவிடுகிறேன். லென்ஸில் பூசும் பனி எதிர்ப்புத் துடைப்பான் கண்ணாடிக் கடையிலேயே கிடைக்கிறது, காலையில் ஒரு தடவை மதியம் ஒரு தடவை போதும். வைசரையும் பின்லாக்கையும் ஸ்பிரிட், வீட்டு ஜன்னல் துடைக்கும் திரவம் போட்டுத் துடைக்காதீர்கள், தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

போடும் முறை பழக்கத்தில்தான் வரும். காது அடைப்பான், மெல்லிய முகமூடித் துணி, அப்புறம் ஹெல்மெட், வாரைப் பூட்டு. அதன் பிறகுதான் கண்ணாடி: வைசரைத் திறந்து, இரண்டு கம்பிகளையும் நேராகப் பிடித்து, பஞ்சுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவில் காதுக்கு மேலாகக் கொஞ்சம் மேல்நோக்கி ஒரே சமயத்தில் தள்ள வேண்டும். முகமூடித் துணிக்கு வெளிப்பக்கமாகக் கம்பி போனால் வெண்ணெய் போல நுழையும், தோலோடு ஒட்டிப் போனால் இழுக்கும். கையுறை எல்லாவற்றுக்கும் கடைசி, அதைப் போட்டுவிட்டு லென்ஸைத் தொட்டால் அந்தச் செஷன் முழுக்க விரல் தடத்தின் வழியாகத்தான் பார்ப்பீர்கள். கழற்றும்போது கண்ணாடி முதலில், ஹெல்மெட் அப்புறம். அவசரத்தில் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு நல்ல டைட்டானியம் ஃபிரேமை நான் கோணலாக்கியிருக்கிறேன்.

விழுந்துவிட்டால் என்ன என்பதையும் யோசித்து வாங்குங்கள். பல டிராக் ஹெல்மெட்டுகளில் கன்னத்துப் பஞ்சின் அடியில் சிவப்பு நாடா இருக்கும், மருத்துவக் குழு அதை இழுத்தால் கழுத்தை அசைக்காமல் கன்னத்துப் பஞ்சு வெளியே வந்துவிடும், ஹெல்மெட் லேசாகக் கழலும். கண்ணாடி போடுபவருக்கு இது இருந்தே ஆக வேண்டும் என்பேன், ஏனென்றால் மயங்கிக் கிடப்பவர் முகத்தில் கண்ணாடி இருக்கிறது என்பது கறுப்பேற்றிய ஸ்மோக் வைசருக்கு வெளியே தெரியாது. ஹெல்மெட்டின் பக்கத்தில் ரத்த வகையோடு 'கண்ணாடி அணிந்திருக்கிறார்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு வரி ஒட்டி வைத்திருக்கிறேன், பதிவு மேஜையிலும் சொல்லிவிடுகிறேன். விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள், விழாவிட்டாலும் ஐந்து வருஷத்தில் மாற்றச் சொல்கிறது ஸ்னெல்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்களுக்கு: ஒத்துக்கொண்டால் தாராளமாகப் போடுங்கள், பார்வை ஓரம் வரை கிடைக்கும், பனிமூட்டம் கிடையாது. எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வென்ட் என்ற காற்றுத் துளை வழியாக வரும் காற்றில் கண் காய்ந்து, மூன்றாவது செஷனில் ஒரு லென்ஸ் சுருண்டு ஓரத்துக்குப் போய்விட்டது, பாதி கார்னரில் ஒற்றைக் கண்ணோடு இருந்தேன். ஊரில் ஒரு மாதமாவது போட்டு ஓட்டிப் பார்க்காமல் டிராக்கில் அதை ஆரம்பிக்காதீர்கள்.

உதிரிக் கண்ணாடி ஒன்று கெட்டியான பெட்டியில் டூல் பையிலேயே இருக்கட்டும். டிராக்குக்கு ஸ்மோக் வைசர் மாட்டி வண்டியிலேயே வந்திருந்தால் தெளிந்த வைசரையும் கூடவே எடுத்து வாருங்கள். கடைசிச் செஷன் முடிந்து மூட்டை கட்டிக் கிளம்பினால் திண்டிவனம் வரும்போது இருட்டிவிடும், அங்கிருந்து புதுச்சேரி வரை எதிரில் வரும் லாரிகளின் விளக்கை, நாள் முழுக்க வியர்வை பட்ட லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கிளம்பும் முன் குழாயடியில் கண்ணாடியைக் கழுவி, டிராக் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டு, தினம் போடும் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள்.